டப்பா இல்லாத கார்டு

கேள்வி கேட்டது ரஃபல். கடைக்காரன் பதில் சொன்னது அவளுடைய அண்ணனுக்கு.

"இந்த மதர்போர்டு புது பிராசசரை நேரா எடுத்துக்குமா, இல்ல பயாஸ் அப்டேட் பண்ணணுமா?" என்று அவள் கேட்டாள்.

"எல்லாம் எடுக்கும் அண்ணே, கவலையே படாதீங்க," என்றான் அவன், அவளைத் தாண்டி ஸர்மதைப் பார்த்து. ஸர்மதோ கண்ணாடிக்குள் நீலமும் சிவப்புமாகச் சுழன்றுகொண்டிருந்த கணினிக் காற்றாடிகளை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். திடுக்கிட்டுத் திரும்பி, "ம்… எடுக்குமாம்," என்று தங்கையிடம் அஞ்சல் செய்தான்.

"எனக்கும் காது இருக்கு ஸர்மத்."

பாக்தாதில் கணினிச் சாமான் வேண்டுமென்றால் எல்லாரும் போகிற இடம் ஸினாஆ தெரு. பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு அன்று காலை ரஃபல் ஏறி இறங்கிய எந்தக் கடையிலும் இதே கதைதான். வயது முப்பத்தொன்று. பெண்கள் பள்ளியில் வேதியியல் டீச்சர். வகுப்புக்குள் அவள் காலடி எடுத்து வைத்தால் பின்வரிசை வரைக்கும் பேச்சு அடங்கும். இந்தத் தெருவில் மட்டும் அவள் கண்ணுக்குத் தெரியாத ஆளாகிவிட்டாள்.

அண்ணனை அவள் கூப்பிடவில்லை. அலுமினிய ஜன்னல் செய்கிற பட்டறை வைத்திருப்பவனுக்கு இதில் என்ன வேலை? "அந்தத் தெரு முழுக்க ஆம்பளைப் பசங்க. தனியா போய் நிப்பியா? சாமான் தூக்க ஆள் வேணாமா?" என்று அவனே பட்டறையைப் பூட்டிவிட்டுக் கிளம்பி வந்துவிட்டான். அம்மா நிதாலும், "போகட்டும் விடு, உனக்காகத்தானே வர்றான்," என்று முத்திரை குத்திவிட்டாள்.

கணினி ரஃபலுக்கு விளையாடத்தான் வேண்டும். அதை மறைக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. பாஸ்ராவில் ஒருத்தி, மோசூலில் இரண்டு பேர், கர்பலாவில் ஒருத்தி, இவள் என்று ஐந்து பேர் சேர்ந்த அணி. இணையத்திலேயே சந்தித்து, இணையத்திலேயே சண்டை போட்டு, மூன்று வருடமாகத் திரையில் சேர்ந்து சுட்டுக்கொண்டிருக்கிறார்கள். அடுத்த மாதம் பெண்களுக்கான போட்டி ஒன்று வருகிறது. ரஃபலின் பழைய மடிக்கணினியோ எதிரி வந்தாலே மூச்சு வாங்கும். படம் திக்கித் திக்கி நகரும். "நீ ஒரு குண்டு சுடறதுக்குள்ள அவங்க டீ குடிச்சிட்டுத் திரும்பி வந்துடறாங்கடி," என்று பாஸ்ராவிலிருந்து ஹவ்ரா, அணித் தலைவி, திட்டித் தீர்த்திருந்தாள்.

எனவே ட்யூஷன் காசு சேர்த்து, மாதக்கணக்கில் உட்கார்ந்து யோசித்து, ஒவ்வொரு பாகமாக முடிவு செய்திருந்தாள். குறைந்த காசில் கணினி கட்டுவது சின்னப் போர்வையை இழுத்துப் போர்த்துகிற மாதிரி. தலையை மூடினால் கால் தெரியும். பிராசசருக்குக் கூடப் போட்டால் கிராஃபிக்ஸ் கார்டில் குறையும். கார்டில் கூடப் போட்டால் பவர் சப்ளை மட்டமாகப் போய்விடும். பவர் சப்ளையில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது என்பது அவள் தீர்மானம். மின்சாரம் வருவதும் போவதுமாக இருக்கிற ஊரில் மட்டமானதை வாங்கினால் அது சாகும்போது மற்றதையும் சேர்த்துக் கொன்றுவிட்டுத்தான் போகும். ராம் மெமரி பழசு வாங்கலாம், தப்பில்லை. வெளிப்பெட்டி அழகாக இருக்க வேண்டியதில்லை. இந்த ஊர்ப் புழுதிக்கு முன்பக்கம் வலையும் வடிகட்டியும் இருந்தால் போதும்.

கிராஃபிக்ஸ் கார்டு விஷயத்தில்தான் அவள் ரொம்ப யோசித்திருந்தாள். அரசாங்க மின்சாரம் போனால் தெரு ஜெனரேட்டரிலிருந்து அவர்கள் வீட்டுக்கு வருவது நாலே ஆம்பியர். அதில்தான் ஃபிரிட்ஜ், விளக்கு, தண்ணீர் மோட்டார் எல்லாம் ஓடியாக வேண்டும். ஆகவே கொஞ்சமாக மின்சாரம் குடித்து நிறைவாக வேலை செய்கிற ஒரு கார்டைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தாள். நடுத்தரமானது, புதுசு, உத்தரவாதத்தோடு.

மதியத்துக்குள் மற்றதெல்லாம் கிடைத்துவிட்டது. அந்தக் கார்டு மட்டும் கிடைக்கவில்லை. ஒரு கடையில் நேற்று வரை இருந்ததாம். இன்னொன்றில் இருந்தது, ஆனால் "டாலர் ஏறிடுச்சு அண்ணே" என்று அவள் கண்ணெதிரிலேயே விலைச்சீட்டைக் கிழித்தான். மூன்றாவது கடைக்காரன் முழு கணினியாக எடுத்தால்தான் கொடுப்பேன் என்று நின்றான். ஸர்மத் கைகளில் பெட்டிகளைச் சுமந்துகொண்டு, பசியோடு, "இல்லாட்டி அந்தக் கார்டு இல்லாம ஓட்ட முடியாதா?" என்றான்.

"ஜன்னல்ல கண்ணாடி இல்லாம நீ மாட்டிக் குடுப்பியா?"

"கோவிச்சுக்காதே. கேட்டேன்."

அப்போதுதான் எதிர்க் கடையிலிருந்து ஒரு குரல் பாய்ந்து வந்தது. "ஸர்மத்! அடப்பாவி, நீ இன்னும் உயிரோடதான் இருக்கியா?"

கஹ்தான். தொழிற்பள்ளியில் ஸர்மதோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக் கன்னத்தோடு கன்னம் வைத்து, முதுகில் தட்டிக்கொண்டார்கள். சின்னக் கண்ணாடிக் குவளைகளில் தேநீர் வந்தது. பழைய வாத்தியார்களையெல்லாம் ஒரு சுற்று இழுத்து முடித்த பிறகு கஹ்தான் விஷயத்துக்கு வந்தான்.

"அந்தக் கார்டா? அது சின்னப் பசங்க சாமான்டா. உன் தங்கச்சிக்கு நான் அதைக் குடுப்பேனா?" என்று உள்ளே போனவன் ஒரு பெரிய கார்டோடு வந்தான். மூன்று காற்றாடி வைத்தது, செங்கல் கனம். "இது அதைவிட ரெண்டு படி மேல. ஆனா அதே விலைக்குத் தர்றேன். உன் முகத்துக்காக."

"டப்பா எங்க?" என்று ரஃபல் கேட்டாள்.

"டப்பாவையா ஓட்டப்போறீங்க தங்கச்சி?" கஹ்தான் சிரித்தான். ஸர்மதும் சிரித்தான்.

அவள் கார்டைக் கையில் வாங்கித் திருப்பினாள். தகடுகளுக்கு நடுவே புழுதி அடையாகப் பிடித்திருந்தது. திருகாணித் தலைகள் சிதைந்திருந்தன. யாரோ கழற்றி மாட்டியிருக்கிறார்கள். ஓரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு கசிந்திருந்தது.

"இது கிரிப்டோ நாணயம் தோண்டறதுக்கு ராத்திரி பகலா ஓட்டித் தேஞ்ச கார்டு."

"என் பிள்ளைங்க மேல சத்தியமா இல்ல! ஒரு டாக்டர் பையன் வெச்சிருந்தது. வெளிநாடு போறான்னு வித்துட்டான்."

"சரி, ஓட்டிக் காட்டுங்க."

"இப்பதான் கரண்ட் போச்சு. ஜெனரேட்டர்ல என் டெஸ்ட் பெஞ்ச் இழுக்காது தங்கச்சி."

"உங்க ஜெனரேட்டரே இழுக்காதுன்னா எங்க வீட்டு நாலு ஆம்பியர் எப்படி இழுக்கும்?"

கஹ்தான் இதற்கும் ஸர்மதைப் பார்த்துத்தான் பதில் சொன்னான். "உன் தங்கச்சி வக்கீலுக்குப் படிச்சிருக்கலாம்டா." பிறகு கையை நீட்டினான். "என்ன சொல்ற? உனக்கும் எனக்கும் நடுவுல இதெல்லாம் ஒரு பேச்சா?"

ரஃபல், "ஸர்மத், வேண்டாம்," என்றாள். அதைச் சொல்லி வாய் மூடுவதற்குள் அண்ணன் கையைக் கொடுத்துவிட்டான்.

வெளியே போய்த்தான் சண்டை போட்டார்கள். "கை குடுத்தாச்சு ரஃபல். இப்ப போய் வேணாம்னா என் மரியாதை என்ன ஆகும்? அவன் என்னை ஏமாத்துவானா?" என்றான் அவன். தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வெயில், பசி, காலை முழுக்க யார் காதிலும் ஏறாத தன் குரல் எல்லாம் சேர்ந்து அவளைச் சோர வைத்தன. ஒரு கணம், ஒரே ஒரு கணம், ஒருவேளை நன்றாகத்தான் இருக்குமோ என்று நினைத்தாள். பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டாள். பிறகு பல நாள் அவள் தன்னையே கடிந்துகொண்டது அந்த ஒரு கணத்துக்காகத்தான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, வார விடுமுறை. சாப்பாட்டு மேசையில் துணி விரித்து ரஃபல் கணினியைக் கட்டினாள். பிராசசரைப் பொருத்தி, ராமை அழுத்தி, வயர்களை ஒவ்வொன்றாக ஒதுக்கிக் கட்டினாள். நிதால் பக்கத்தில் உட்கார்ந்து திராட்சை இலையில் டோல்மா சுருட்டிக்கொண்டே, "இவ்வளவு சின்னச் சாமானுக்கு இவ்வளவு காசா? இதுல தங்கம் இருக்கா?" என்றாள்.

"கொஞ்சம் இருக்கு யும்மா, முனையில."

"அப்ப பரவாயில்ல."

முதல் தடவை திரை விழித்தபோது ரஃபலுக்கு எல்லாக் கோபமும் மறந்துவிட்டது. விளையாட்டில் இத்தனை நாள் குழம்பிக் கிடந்த சுவர்களில் செங்கல் செங்கலாகத் தெரிந்தது. எதிரியின் தொப்பியில் தையல் தெரிந்தது. "ஹவ்ரா, எனக்கு எல்லாம் தெரியுதுடி!" என்று ஹெட்செட்டில் கத்தினாள். ஸர்மத் நாற்காலிக்குப் பின்னால் நின்று, "பார்த்தியா? பார்த்தியா?" என்று தானே செய்த மாதிரி மார்தட்டிக்கொண்டான்.

அரசாங்க மின்சாரம் போயிற்று. ஜெனரேட்டர் லைனுக்கு மாற்றினார்கள். விளையாட்டு சூடுபிடித்தது, கார்டின் மூன்று காற்றாடியும் அலறின, சமையலறையில் ஃபிரிட்ஜ் ஒரு தடவை உறுமியது, அவ்வளவுதான், வீடே அணைந்தது. ஸர்மத் ஓடிப்போய் சுவிட்சைத் தூக்கிவிட்டான். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் ட்ரிப் ஆயிற்று. மறுபடியும் தூக்கிவிட்டான். அடுத்த தடவை குளியலறையிலிருந்து நிதாலின் குரல் வந்தது. "மோட்டாரை நிறுத்தினது யாருடா? தலையெல்லாம் நுரையோட நிக்கறேன்! உங்க துப்பாக்கிச் சண்டையில இடி விழ!"

அம்மாவைக் குளிக்கவிட்டு, ஃபிரிட்ஜைப் பிடுங்கிவிட்டு, விளக்கெல்லாம் அணைத்துவிட்டு இன்னொரு தடவை முயன்றாள். திரையில் பச்சைக் கோடுகள் மேலிருந்து கீழாக மழை மாதிரி இறங்கின. ரஃபல் கைபேசியை எடுத்து அதைப் படம் பிடித்தாள். அவள் பிடித்துக்கொண்டிருக்கும்போதே திரை கறுத்தது. அதற்குப் பிறகு என்ன செய்தும் கார்டு எழுந்திருக்கவில்லை.

ஸர்மத் கஹ்தானுக்குப் போன் போட்டான். ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசினான், தங்கை கேட்கட்டும் என்று.

"யார் மாட்டினது, உன் தங்கச்சியா?" என்றது கஹ்தானின் குரல். "அடேய், பொண்ணு கையில குடுத்தா வேறென்ன ஆகும்? அழுத்தி மாட்டி உடைச்சிருப்பா. இதுக்கு நான் என்ன பண்ண முடியும்?"

ஸர்மத் போனை வைத்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்: "ஒருவேளை… நீ கொஞ்சம் அழுத்தி மாட்டினியோ?"

கார்டு செத்தது அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. இந்தக் கேள்விதான் உள்ளே போய்த் தைத்தது. எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். டோல்மாவைக்கூடத் தொடவில்லை.

வெள்ளி, சனி விடுமுறை கழிந்து, ஞாயிற்றுக்கிழமை பள்ளி முடிந்ததும் வீட்டுக்கு வந்து, கணினியைக் கம்பளியில் சுற்றி, யாரிடமும் சொல்லாமல் டாக்சி பிடித்தாள். ஸினாஆ தெருவுக்குள் வண்டி நுழைய இடமில்லை. முனையில் இறங்கி, பெட்டியை இடுப்பில் அணைத்துத் தூக்கிக்கொண்டு நடந்தாள். தோள் கழன்றுவிடும் போல வலித்தது. கஹ்தானின் கண்ணாடி மேசை மேல் அதை வைத்தபோது கடையே ஒரு தடவை குலுங்கியது.

"ஸர்மத் வரலையா?" என்றான் கஹ்தான்.

"கார்டு என்னோடது. காசும் என்னோடது. என்கிட்ட பேசுங்க."

"நான்தான் போன்லயே சொன்னேனே தங்கச்சி…"

"உடைஞ்ச இடத்தைக் காட்டுங்க. முனையில ஒரு கீறல் காட்டுங்க, நான் திரும்பிப் போயிடறேன்."

அவள் கழற்றி நீட்டிய கார்டை அவன் கையில் வாங்கக்கூட இல்லை. "அண்ணனை அனுப்புங்க, பேசிக்கலாம்," என்று வேறு வாடிக்கையாளர் பக்கம் திரும்பிவிட்டான். ரஃபல் சுற்றுமுற்றும் பார்த்தாள். வாசலருகே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடந்தது. அதை இழுத்துக் கடைக்கு நடுவில் போட்டு, கார்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

பல்கலைக்கழக மாணவர்கள் இரண்டு பேர் வந்து கார்டு விலை கேட்டார்கள்.

"வாங்குங்க," என்றாள் ரஃபல், வகுப்பில் பேசுகிற குரலில். "ஆனா இங்கயே அரைமணி நேரம் ஓட்டிப் பார்த்துட்டு வாங்குங்க. என்னோடது வீட்டுக்குப் போய் இப்படி ஆச்சு." பச்சை மழை பெய்கிற படத்தைக் கைபேசியில் காட்டினாள். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, "அப்புறமா வர்றோம்," என்று நழுவினார்கள்.

கஹ்தானின் முகம் சிவந்தது. "டீச்சரம்மா, இது கடை. பள்ளிக்கூடம் இல்ல."

"தெரியும். பள்ளிக்கூடமா இருந்தா பொய் சொன்னவங்களை வெளிய நிக்க வெச்சிருப்பேன்."

பக்கத்துக் கடைக்காரன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். அடுத்து, மணிக்கணக்கில் காசு வாங்கிப் பசங்களை விளையாட விடுகிற கேம் கடைக்காரர் ஒருவர் வந்தார். ஏழெட்டுக் கார்டு மொத்தமாக வேண்டும் என்றார். ரஃபல் அவருக்கும் படத்தைக் காட்டினாள். அவர் அதை நிதானமாக இரண்டு தடவை பார்த்துவிட்டு, "கஹ்தான், முதல்ல இந்தம்மா கணக்கை முடி. அப்புறம் நாம பேசலாம்," என்று மூலையில் உட்கார்ந்து சிகரெட் பற்றவைத்தார்.

கஹ்தான் உள்ளே போனான். யாருக்கோ போன் செய்கிற சத்தம் கேட்டது: "வந்து உன் தங்கச்சியைக் கூட்டிட்டுப் போடா, என் பிழைப்புல மண்ணைப் போடறா!" திரும்பி வந்தபோது அவன் கையில் ஒரு சின்ன டப்பா இருந்தது. பிரிக்காத புதுக் கார்டு. ஆனால் ரஃபல் தேடிய கார்டு அல்ல. அதைவிட ஒரு படி கீழே.

"இதுதான் இருக்கு. எடுத்துட்டுக் கிளம்புங்க."

"இது அவ்வளவு விலை இல்ல. மிச்சம்?"

"மிச்சமும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. வேணும்னா எடுங்க, இல்லாட்டி உங்க நாற்காலியிலயே குடியிருங்க."

அவள் டப்பாவைப் பார்த்தாள். இது நியாயமில்லை என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். இன்னும் எத்தனை நாள் வந்து உட்கார முடியும்? விடைத்தாள் திருத்த வேண்டும், போட்டி நெருங்குகிறது. பல்லைக் கடித்துக்கொண்டு டப்பாவைப் பிரித்து, அவன் மேசை மேலேயே தன் கணினியில் மாட்டினாள். "ஓட்டிப் பார்த்துட்டுத்தான் போவேன்." கேம் கடைக்காரரும் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து திரையைப் பார்த்தார்.

அது ஓடிக்கொண்டிருக்கும்போது ஸர்மத் வந்து சேர்ந்தான். தலைமுடியெல்லாம் அலுமினியப் பொடி. வந்ததும் வராததுமாகத் தங்கையிடம்தான் கத்தினான். "எனக்கு ஒரு போன் பண்ண மாட்டியா? இந்தப் பெட்டியைத் தூக்கிட்டுத் தனியா வருவியா?"

"பண்ணினா நீ என்ன கேட்டிருப்ப? அழுத்தி மாட்டினியான்னுதானே?"

ஸர்மத் மேசை மேல் கிடந்த செத்த கார்டையும் புது டப்பாவையும் பார்த்தான். பிறகு கஹ்தான் பக்கம் திரும்பினான். "என் கையைப் பிடிச்சுட்டு, பிள்ளைங்க மேல சத்தியம் பண்ணினியேடா."

"நான் என்னத்தைக் கண்டேன்? எனக்கு ஒருத்தன் வித்தான், நான் உனக்கு வித்தேன்."

"மிச்சக் காசைக் குடு."

"கிடையாது."

ஸர்மத் அலுமினியம் விற்கிற ஆள். பேரம் அவனுக்குத் தொழில். ஆனால் இன்று அவன் வாயில் வந்ததெல்லாம் தொழிற்பள்ளிக் காலத்து வசவுதான். கத்தி ஓய்ந்தபோது கஹ்தான், "தொலை!" என்று விளக்கு வைத்த காற்றாடி ஒன்றைத் தூக்கி மேசையில் போட்டான். ஸர்மத் அதை வெற்றிக் கோப்பை மாதிரி எடுத்துக்கொண்டான்.

"அது என் பெட்டிக்குள்ள போகாது," என்றாள் ரஃபல். "அளவு பெரிசு."

"இருக்கட்டும்," என்றான் அவன். "அவன்கிட்ட இருக்க வேண்டாம்."

டாக்சியில் கணினி ஸர்மதின் மடியில் இருந்தது. மேம்பாலத்தின் மேல் நெரிசலில் வண்டி நின்றபோது அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னான். "என்கிட்ட ஜன்னல் வாங்க வர்றவங்க பத்து தடவை இழுத்து மூடிப் பார்க்காம எடுக்க மாட்டாங்க. எனக்கு எரிச்சலா வரும். நீ ஓட்டிக் காட்டச் சொன்னப்ப அதே எரிச்சல்தான் வந்துச்சு. உன் மேல."

"ம்."

"தப்புதான்."

"கை உன்னோடது, காசு என்னோடது," என்றாள் அவள். "அடுத்த தடவை நீ வராதே ஸர்மத்."

"தூக்க ஆள் வேணாமா?"

"இன்னிக்கு யார் தூக்கினா?"

அவளுக்குக் கோபம் முழுக்கத் தீரவில்லை. தீர்ந்த மாதிரி நடிக்கவும் அவளுக்கு மனமில்லை.

சின்னக் கார்டு நாலு ஆம்பியருக்குள் அடங்கி ஓடியது. சுவரில் செங்கல் செங்கலாக இப்போது தெரியவில்லை. எதிரியின் தொப்பி வெறும் பழுப்புத் திட்டாக இருந்தது. ஆனாலும் திக்கவில்லை. போட்டியில் முதல் சுற்றை ஜெயித்தார்கள். இரண்டாவது சுற்றில் எர்பில் அணி அவர்களைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டது. கடைசி ஆட்டத்தில் இடப்பக்க மூலையைப் பார்க்காமல் விட்டது ரஃபல்தான்.

"கார்டு மேல பழியைப் போடுடி, நான் நம்பறேன்," என்றாள் ஹவ்ரா ஹெட்செட்டில், அழுகைக்கும் சிரிப்புக்கும் நடுவே.

"முடியாதுடி. எல்லாம் நல்லாத்தான் தெரிஞ்சுது. நான்தான் பார்க்கல."

"சரி, நாளைக்கு சாயந்திரம் பயிற்சி. அந்த மூலையை நூறு தடவை பார்க்க வைக்கறேன் உன்னை."

ரஃபல் ஹெட்செட்டைக் கழற்றி மேசையில் எறிந்தாள். பக்கத்து அறையிலிருந்து ஸர்மத் எட்டிப் பார்த்தான்.

"ஜெயிச்சீங்களா?"

"தோத்துட்டோம்."

"கணினியாலயா?"

"இல்ல!" என்று அவள் போட்ட சத்தத்தில் அவன் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டான்.